கெர்ட்ரூட் என்ற பெயரைப் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் இருக்கும் பெற்றோர் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வைக்கக்கூடாத பெயருக்கு உதாரணமாக 'ஜெர்ட்ரூட்' என்பதைக் காட்டியிருந்தீர்கள். 'ஈட்டிக்காரி' என்று பொருளாம், கரடுமுரடான கிழவிப் பெயராம், கேட்டாலே சிரிப்பு வருமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் 22 வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அந்தப் பெயருள்ள ஏழு பேரை என் கையால் குளிப்பாட்டியிருக்கிறேன். அதில் இரண்டு பேருக்குக் கடைசி மூச்சு போகும்போது பக்கத்தில் இருந்தவள் நான்.

முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். ஜேர்மன்காரர் அதைக் கெர்ட்ரூட் என்றுதான் சொல்வார்கள். 'ஜ' அங்கே இல்லை.

அடுத்தது பொருள். பழைய ஜேர்மன் மொழியில் 'கெர்' என்றால் ஈட்டி, அது சரி. மிச்சப் பாதியைக் கட்டுரை விட்டுவிட்டது. 'த்ரூட்' என்பதற்கு வலிமை என்று பொருள். பிற்காலத்தில் சனங்கள் அதை 'அன்புக்குரிய' என்று பொருள்படும் 'ட்ரவுட்' என்ற சொல்லோடு சேர்த்தும் புரிந்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் பெயரை இரண்டு சொல் கோர்த்துத்தான் கட்டினார்கள். தாய் பெயரில் ஒரு துண்டு, தகப்பன் பெயரில் ஒரு துண்டு என்று எடுத்தும் வைப்பார்கள். அதை ஒரு வசனம் போல மொழிபெயர்த்தால் பிழையாகத்தான் வரும். ஈட்டி என்றால் நமக்கு என்ன, தெரியாத பொருளா? வேலாயுதம் என்று வைக்கிறோம், வேலம்மாள் என்று வைக்கிறோம். யாராவது சிரித்தோமா, ஐயா?

இந்தப் பெயரில் பெரிய மனுஷிகள் இருந்தது தாங்கள் அறியாததல்ல. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிற நிவெல் கன்னியர் மடத்தின் தலைவியாக இருந்து 659இல் இறந்த புனித கெர்ட்ரூட்டின் திருநாள் மார்ச் 17. தோட்ட வேலை தொடங்கும் நாள் என்று குடியானவர்கள் அதைக் கணக்கு வைத்திருந்தார்கள். 1256இல் பிறந்த ஹெல்ஃப்டா மடத்துக் கெர்ட்ரூட்டை 'மகா கெர்ட்ரூட்' என்றே திருச்சபை அழைக்கிறது. ஐந்து வயதளவில் மடத்துக்குப் போன பிள்ளை, லத்தீனில் நூல் எழுதினார்.

அப்புறம் கிழவிப் பெயர் என்ற பேச்சு. 1900க்குப் பிறகு முப்பது வருடம் போல, ஜேர்மனியில் எங்கே பார்த்தாலும் கெர்ட்ரூட். எங்கள் இல்லத்தில் உடுப்பெல்லாம் ஒன்றாகத் துவைத்து வரும். கழுத்துப் பட்டியில் பெயர் தைத்திருக்கும். ஒரு காலத்தில் ஒரே மாடியில் மூன்று கெர்ட்ரூட் இருந்தார்கள். யாருடைய கம்பளிச் சட்டை யாருக்கு என்று ஒவ்வொரு வியாழனும் குழப்பம். 1924இல் பிறந்த ஒருவர், தன் வகுப்பில் அந்தப் பெயரில் பலர் இருந்ததால் ஆசிரியை குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார் என்று எனக்குச் சொன்னார். பிறகு அவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. குடும்பப் பெயரைச் சொன்னால் திரும்பமாட்டார், 'ஓமா', அதாவது பாட்டி, என்றாலும் திரும்பமாட்டார். கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு 'ட்ரூடல்' என்றேன். வீட்டில் கூப்பிட்ட பெயர் அது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். எல்லாம் போன பிறகும் அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான். அதைத்தான் கேலிக்கு எடுத்திருக்கிறீர்கள்.

அதே கட்டுரை 'எம்மா' என்ற பெயரை நவீனமானது, அழகானது என்று சிபாரிசு செய்கிறது. எம்மாவும் அதே காலத்துப் பெயர்தான்! நான் 1988இல் இங்கே வந்தபோது தெருமூலைச் சின்னக் கடையை 'டான்டே எம்மா' கடை, அதாவது எம்மா மாமி கடை, என்பார்கள். அவ்வளவுக்கு அது கிழவிப் பெயராக இருந்தது. அது திரும்பி வந்து பல வருடம் முதலிடத்தில் நின்றது. ஃப்ரீடா, ஈடா என்ற பழைய பெயர்களும் திரும்பி வந்துவிட்டன. கெர்ட்ரூட் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு வந்தால் அதையும் நவீனம் என்று எழுதுவீர்களா?

பெயர் என்பது எனக்கு விளையாட்டு விஷயம் இல்லை. என் மகளைப் பதிய ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டு, பிழை என்று சொல்லியும் மாற்றவில்லை. பாலர் பள்ளியில் வாயில் நுழையவில்லை என்று சொல்லி அவள் பெயரைப் பாதியாக வெட்டினார்கள். மூன்று வருடம் அவள் அந்தப் பாதிப் பெயரோடு வீட்டுக்கு வந்தாள். இந்த நாட்டில் நாஜி ஆட்சியில், 1938இல் ஒரு சட்டம் வந்து, யூதப் பெண்கள் தங்கள் பெயரோடு 'சாரா' என்று சேர்த்தே ஆக வேண்டும் என்றது. கவிஞர் கெர்ட்ரூட் கொல்மார் அப்படிச் சேர்க்க வேண்டியிருந்தவர்களில் ஒருவர். 1943இல் அவரை அவுஷ்விட்ச் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. பெயரில் கை வைப்பவர்களை எனக்கு ஏன் பொறுக்காது என்று இப்போது விளங்கும் என நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் முதியோர் இல்லச் சம்பளம் பற்றி நான் அனுப்பிய கடிதத்தையும் பாதி வெட்டித்தான் போட்டீர்கள். என் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. 19 வருடமாகச் சந்தா கட்டி வாசிக்கிறேன், இனியும் கட்டுவேன்.

அடுத்த இதழில் இரண்டு வரி போட்டால் போதும்: பெயர் கெர்ட்ரூட், பொருள் ஈட்டியும் வலிமையும். இடம் இருந்தால் 'கிழவிப் பெயர்' என்று எழுதியதற்கு ஒரு வருத்தம். இல்லத்தில் இப்போது ஒரு கெர்ட்ரூட் இருக்கிறார். இதழ் வந்ததும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நீண்டகால வாசகி,
ஜேர்மனி