செல்ஃப் இழுக்கலையா, இழுத்தும் பிடிக்கலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் முள் கத்தரிக்காயை விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குவதுதான் என் பிழைப்பு, அதற்கு இருப்பது 18 வருஷம் ஓடிய ஒரு பழைய டீசல் பிக்கப். போன மார்கழியில் தொடங்கி மூன்று மாதம் அது காலையில் கிளம்பாமல் படுத்திவிட்டது. பத்து நிமிஷம் லேட்டாகப் போனாலே விலை இறங்கிவிடும் சரக்கு இது. மார்க்கெட்டில் இதே தொல்லையோடு நிற்கிற வண்டிக்காரர்களைத் தினமும் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதுசு போட்டேன். ஒரு வாரத்தில் திரும்ப அதே கதை. இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றதும் இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பையே இறக்க வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தேன், ஒரு தடவைகூட யாரும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

நடுவில் இரண்டு நாள் வண்டியை மச்சான் நிலத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கே சரிவு, வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றது. இரண்டு நாளும் ஒரே சாவியில் பிடித்தது. எங்கள் வீட்டு வாசலில் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும், அங்கேதான் இந்தப் பாடு.

இதைப் பள்ளிகொண்டாவில் ஒரு பெரியவர் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன்னேயே, "செல்ஃப் இழுக்கலையாப்பா, இழுத்தும் பிடிக்கலையா?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர் விளக்கியது இதுதான்: இழுக்கவில்லை, அல்லது முக்கி முக்கிச் சுற்றுகிறது என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர் (பேட்டரி மைனஸை இன்ஜினோடு சேர்க்கும் ஒயர்), செல்ஃப் என்ற பக்கம் போக வேண்டும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது டீசல் பக்கம், இல்லையென்றால் ஹீட்டர் (இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்), கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் பலம்). அப்புறம் என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் போய் நின்றார். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். என் வண்டியில் புகையே வரவில்லை, டீசலே போய்ச் சேரவில்லை.

ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு முழம் கண்ணாடி மாதிரியான டியூபை மாட்டினார். செல்ஃப் அடித்தால் டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று ஓடுகிறது, கண்ணால் பார்த்தேன். டேங்க் பக்கமிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிளிப் கடித்த இடத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. அந்த இடத்தில் டீசல் உறிஞ்சப்பட்டு வருவதால் வெளியே ஒழுகாது, கீழே ஒரு சொட்டு ஈரமும் இருக்காது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க அந்தக் காற்று ஏறி, லைனில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். மூக்கு மேட்டில் இருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். காலையில் காலி லைனை நிரப்ப நான் செல்ஃபை அடித்து அடித்தே பேட்டரி படுத்திருக்கிறது, அதைப் பார்த்து பேட்டரியைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஹோஸ், இரண்டு கிளிப், ஃபில்டர் போல்ட்டுக்குச் செம்பு வாஷர் மாற்றி, கை பம்ப்பை அடித்து ஏர் எடுத்தார், முடிந்தது.

ஒர்க் ஷாப் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், சாமானை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள். நிறுத்தி வைத்த பேட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியையும் செல்ஃபையும் சந்தேகப்படலாம். அடிக்கும்போதே பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர்தான் கோளாறு, அதைச் சுரண்டி முறுக்கினாலே பல வண்டி கிளம்பிவிடும். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுங்கள், என்ன பார்த்தீர்கள் என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள்.

வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. பனிக்காலத்தில் ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும், முகத்துக்கும் தீ வரும். செல்ஃபையும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஒரு நிமிஷம் ஆறவிட்டு அடுத்ததை அடியுங்கள்.

என் வண்டியை இப்போது வேண்டுமென்றே மேட்டைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். காலை மூன்றரைக்கு ஒரே சாவியில் பிடிக்கிறது.

இப்படிக்கு,
காய்கறி வண்டி ஓட்டுநர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.