செல்வாவுக்கு, கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள செல்வா,

நீ ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு, சிவப்பு ஈஸ்ட் அரிசி (ரெட் ஈஸ்ட் ரைஸ்) கேப்சூல் சாப்பிடுவதாக மருமகள் போனில் சொன்னாள். தொடைவலி தாங்க முடியவில்லையாம். உன் வலியை நான் நம்புகிறேன் ராசா. கெமிஸ்ட் கடையில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் நீ பிடித்திருக்கும் மாற்று வழிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அது பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்த அரிசி. கொலஸ்ட்ராலைக் குறைக்கிற மோனகோலின் கே என்ற பொருள் அதில் இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, லோவாஸ்டாட்டின்தான்; 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின். ஆக, நீ ஸ்டாட்டினை விடவே இல்லை. எவ்வளவு சாப்பிடுகிறாய் என்பதுதான் இப்போது உனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு பாட்டிலில் நிறைய இருக்கும், இன்னொன்றில் பேருக்குத்தான் இருக்கும். தசைவலி, கல்லீரல் கோளாறு எல்லாம் இதிலும் வரும். தயாரிப்பு சரியில்லை என்றால் சிட்ரினின் என்ற நஞ்சும் சேரும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி கூடி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஒரு நாள்கூடத் தள்ளாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அடுத்து யாராவது கொலஸ்ட்ராலுக்கு நியாசின் (வைட்டமின் பி3) நல்லது என்பார்கள். முகம் குப்பென்று சிவந்து எரியும், சர்க்கரை ஏறும், கௌட் (யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவாதம்) வரும். அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்குக் கௌட். நம் குடும்பத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளிலும் (2011, 2014) மாரடைப்பு குறையவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது எசெட்டிமிப் என்ற மாத்திரை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கு, மூட்டுவலி வரும். பலருக்கு ஒன்றும் செய்யாது. தனியாகச் சாப்பிட்டால் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஐந்தில் ஒரு பங்கு போலக் குறையும், அவ்வளவுதான். கொலஸ்ட்ராலுக்குக் கொலஸ்டிரமின் என்ற பொடி கொடுத்தால் மட்டும் கவனம். மலச்சிக்கல், வயிறு உப்புசம் ஒருபக்கம் இருக்கட்டும், உன் தைராய்டு மாத்திரையையும் அது குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பெம்பெடோயிக் அமிலம் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை தசையில் அவ்வளவாக வேலை செய்யாது, ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதனால் பெரியப்பாவின் கௌட்டை டாக்டரிடம் மறக்காமல் சொல்.

தைராய்டு என்றதும் இன்னொன்று. அது சரியாக இல்லையென்றால் அதுவே தசைவலி தரும், ஸ்டாட்டின் வலியையும் கூட்டும். முதலில் அதையும் சிகே (தசை பாதிப்பைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையையும் செய்யச் சொல். அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்த்தால் பலருக்கு ஒத்துப்போகிறது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உனக்கே தெரியும். இங்கே நம் இந்திய ஜனங்களுக்கு இளவயதிலேயே இதயநோய் வருகிறது. உன் மாமா ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

இந்த வாரமே டாக்டரிடம் போ. கேப்சூல் பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு, மறைக்காதே. சிகே ரிசல்ட் வந்ததும் அந்த நம்பரை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா