நீல மாத்திரையை விழுங்க வைத்தவர்களுக்கு

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமங்களில் நாங்கள் பார்க்கிற ரத்தசோகை வேலைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தோம். பட்டியல் போட உட்கார்ந்ததும் அது ஆகிற காரியம் இல்லை என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் பொதுவில் இந்த மடல். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டீர்கள், மீதிப் பேர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது "அட, இது நான்தானே" என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்களைப் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் 55 சதவீதம், இடையில் இறங்கியது அவ்வளவுதான். மாத்திரைக்குப் பஞ்சம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு அதுவே சிவப்பு மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழுவுக்கு அல்பெண்டசோல், எல்லாம் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. தேசிய அளவில் திட்டம், மாநில அளவில் சப்ளை, மாவட்டத்தில் கிடங்கு என்று இவ்வளவு தூரம் ஒழுங்காக வருகிற மாத்திரை கடைசி ஒன்றரை அடியில், அதாவது கைக்கும் வாய்க்கும் நடுவில் காணாமல் போகிறது. நாங்கள் நன்றி சொல்கிற எல்லோரும் அந்த ஒன்றரை அடியில் வேலை பார்த்தவர்கள்.

முதலில் பி.டி. டீச்சர். சத்துணவு முடிந்ததும் மாத்திரை கொடுப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், ஆனால் வாங்கின மாத்திரை எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தவர் அவர்தான். மழை பெய்த மறுநாள், ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, கரிசல் மண்ணில் அங்கங்கே நீலமாகக் கரைந்து கிடந்ததைப் படம் எடுத்து எங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பிள்ளைகளைத் திட்டவில்லை, பிரம்பையும் எடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மரத்தடியில் உட்கார வைத்து, ஏன்டி துப்புறீங்க என்று மட்டும் கேட்டிருக்கிறார். குமட்டுது டீச்சர், வயிறு பொருமுது டீச்சர் என்று ஆரம்பித்து, கறுப்பாப் போகுது என்பதை ஒருத்தி சொல்லி மற்றவர்கள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரித்து, கடைசியில் விஷயம் ஊட்டியில் வந்து நின்றது. 2023இல் ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு இந்த மாத்திரைகளை அள்ளி விழுங்கி, ஒரு மாணவி இறந்தே போனாள். அந்தச் செய்தி டிவியில் வந்த நாளிலிருந்து "பள்ளிக்கூடத்தில் எது கொடுத்தாலும் வாங்கு, அந்த மாத்திரையை மட்டும் தொடாதே" என்று சொல்லி அனுப்புகிற அம்மாக்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம், பல கூட்டங்களில் அப்படித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறோம். தலைமை ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "ஆமாம், அளவுக்கு மிஞ்சினால் உயிரையே எடுக்கும், அதனால்தான் டப்பா என் பீரோவில் இருக்கிறது, வாரத்துக்கு ஒன்று, அதுவும் சாப்பிட்ட பிறகு, டீச்சர் கண்முன்னால்தான்" என்று சொல்லிச் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அந்தச் சாவிக்கொத்து செய்தது. ரொம்ப நன்றி மேடம். அந்தப் பீரோ சாவியை விடுமுறை நாளிலும் கைப்பையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டோம்.

மலம் கறுப்பாகப் போகிற விஷயத்தை வாய்விட்டுப் பேசியது நர்ஸம்மா. "உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்ச இரும்பு வெளியே போகுது, இதுக்குப் போய் ஏண்டி வெட்கப்படுறீங்க" என்று அவர் கேட்டதும் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஒரு துணை சுகாதார நிலையம், அதற்குக் கீழே அத்தனை குக்கிராமங்கள், தடுப்பூசி, பிரசவத் தேதி, கணினியில் ஏற்ற வேண்டிய பதிவு என்று அவருக்கு இருக்கிற வேலையில் நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். சில நாள் மதியச் சாப்பாட்டை ஸ்கூட்டியிலேயே வைத்து மறந்து, ரத்தசோகைக் கூட்டத்தில் பசியோடு பேசினார். அடுத்த தடவை முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு, சொல்லிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து விரல் குத்தின லேப் டெக்னீஷியன் தம்பிக்கு. மோதிர விரல், ஓரமாக ஒரு குத்து, வருகிற முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த சொட்டுதான் ஸ்ட்ரிப்புக்கு. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும் என்று எங்கள் தன்னார்வலர்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடுகிற பிள்ளையிடம் "தோனியா, கோலியா?" என்று கேட்பார், அது பதில் சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் ரத்தசோகை, எட்டுக்குக் கீழே என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். எண்ணைச் சொல்லும்போது மட்டும் அவர் சத்தமாகச் சொல்லமாட்டார், சீட்டில் எழுதி மடித்துக் கையில் கொடுப்பார். நாங்கள் கேட்டுக்கொள்ளாமல் அவராகவே செய்தது அது.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு வருவோம். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிற பெண்களை அரை மணி நேரம் எழுப்பினால் அந்த அரை மணிக் கூலி போச்சு, அதனால் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்து அனுப்பியவர்களும் உண்டு, அதை விடுங்கள். கூலியைப் பிடிக்காமல் அனுப்பிவைத்த முதலாளிக்கும், கட்டை அடுக்குகிற இடத்தைக் கூட்டிப் பெருக்கி பாய் விரித்துக் கொடுத்த கணக்கப்பிள்ளைக்கும் நன்றி. அங்கேதான் ஒரு அக்காவுக்கு ஏழுக்குக் கீழே காட்டியது. பல வருஷமாக மாதாமாதம் எட்டு, பத்து நாள் உதிரப்போக்கு, "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பையில் கட்டி. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் படம் போட்டு, கட்டி எங்கே இருக்கிறது, எதனால் ரத்தம் போகிறது, என்ன செய்யப் போகிறோம் என்று பொறுமையாகச் சொன்ன டாக்டரம்மாவுக்கு நன்றி. வெளியே க்யூ வாசல் வரைக்கும் நின்றது, எங்களுக்குத் தெரியும். அந்த அக்கா படுக்கையில் இருந்த வாரங்களில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்த நாத்தனாருக்கும் நன்றி. நாத்தனாருக்கு யாராவது நன்றி மடல் எழுதியிருக்கிறார்களோ என்னவோ, நாங்கள் எழுதுகிறோம்.

மகளிர் குழுத் தலைவி அக்காவைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். முருங்கைக்கீரையும் வெல்லமும் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. கீரை நல்லதுதான், எட்டில் இருக்கிற அளவைப் பன்னிரண்டுக்கு ஏற்ற அது மட்டும் போதாது. அக்கா கேட்ட கேள்வி வேறு. குழுக் கூட்டத்தில் சந்தா வசூலித்த கையோடு, நேற்று ராத்திரி யார் யார் எப்போது சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லோரும் கடைசியாக, சட்டியில் மிச்சம் இருந்ததை. முட்டை? பையனுக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு? மௌனம். இப்போது அந்தக் குழுவில் முட்டை வாங்கினால் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை முட்டை என்று ஒரு பேச்சு இருக்கிறது. எல்லா வீட்டிலும் நடக்கிறதா என்றால் இல்லை, சில வீட்டில் நடக்கிறது.

எங்களுக்கும் விரல் குத்துங்க என்று தாங்களாகவே வந்து நின்ற கபடி டீம் பையன்களுக்கு நன்றி. பையன்களுக்கும் ரத்தசோகை வரும், பள்ளித் திட்டத்தில் அவர்களும் சேர்த்திதான், ஊரில்தான் யாருக்கும் தெரியவில்லை. 14416, மனநலத்துக்கான இலவச உதவி எண், அதைப் பள்ளிக் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டலாம், அங்கேதான் பிள்ளைகள் தனியாக நின்று படிப்பார்கள் என்று யோசனை சொன்ன கல்லூரி மாணவிக்கும் நன்றி. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் எவள் போய் நின்று குறித்துக்கொள்வாள்?

பணம் தந்தவர்களே, மாதம் இருநூறு அனுப்புகிற திருப்பூர் தம்பியிலிருந்து சிங்கப்பூரில் இருக்கிற குடும்பம் வரை, ஸ்ட்ரிப்பும் ஊசியும் பஸ் டிக்கெட்டும் உங்கள் காசுதான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் அனுப்பச் சொன்னவர்களுக்கு நாங்கள் அனுப்பவில்லை, இனியும் அனுப்பமாட்டோம். அதைக் கேட்ட பிறகும் பணத்தை நிறுத்தவில்லை பாருங்கள், அதற்குக் கூடுதல் நன்றி.

கடைசியாக டீக்கடை அண்ணாச்சி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு மதியம் ஒன்றரைக்குப் போய்க்கொண்டிருந்த தூக்குவாளியை மூன்று மணிக்கு மாற்றினார். தன் வியாபாரத்தைத் தானே தள்ளிப்போட்ட மனுஷன். முகாம் நாட்களில் எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் வேறு, கேட்டால் "பார்த்துக்கலாம் போங்க" என்பார். அண்ணாச்சி, அப்படியெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது, எங்களுக்குத் தணிக்கை இருக்கிறது. வருகிற ஞாயிறு காலையில் வருகிறோம், எலுமிச்சைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.