விஸ்கி ஊரில் ஒரு வாத்தியார்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். உங்கள் ஊர்த் தேரைச் செய்த ஆசாரிகளின் பெயரைத் தேடுவதாகவும், கல்வெட்டில் பணம் கொடுத்தவர் பெயர்தான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாயே, அதைப் படித்த கையோடு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லிஞ்ச்பர்க் போய்வந்தேன். அங்கே பார்த்ததெல்லாம் உன் விஷயமாகவே பட்டது.

ஜாக் டேனியல்ஸ் விஸ்கி காய்ச்சுகிற ஊர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், சின்னச் சின்னக் குன்றுகள். பெயரளவில் அந்தக் கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, இன்னும் மதுவிலக்குதான். ஆலைக்குத் தனிச் சட்டம் போட்டு, அங்கே பாட்டில் விற்கிறார்கள். சுண்ணாம்புப் பாறைக் குகையிலிருந்து ஊற்று வருகிறது, வருஷம் முழுக்க 13 டிகிரி குளிர்ச்சி, இரும்புச்சத்து இல்லாத தண்ணீர். ஊறலில் 80 சதவீதம் மக்காச்சோளம். காய்ச்சி இறக்கியதை அப்படியே பீப்பாயில் ஊற்றிவிடுவதில்லை. மேப்பிள் மரத்தை எரித்துச் செய்த கரியை 10 அடி உயரத்துக்கு நிரப்பி அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டு, அப்புறம்தான் உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய்க்குப் போகிறது. பீப்பாய்க் கிடங்குகளைச் சுற்றியுள்ள மரங்களெல்லாம் அடுப்புக்கரி பூசினமாதிரி கறுத்துக் கிடக்கின்றன, ஆவியாகிற சாராயத்தைத் தின்று வளரும் பூஞ்சையாம். பக்கத்தில் குடியிருப்பவர்களின் சுவரையும் அது விடுவதில்லை, 2023-இல் அடுத்த கவுண்டியில் கோர்ட் வரை போயிருக்கிறது.

நான் உனக்குச் சொல்ல வந்தது நியரஸ்ட் கிரீன் பற்றி. உண்மைப் பெயர் நேதன். டான் கால் என்ற பாதிரியாரின் பண்ணையில் அடிமையாக வேலை செய்தவர், கைதேர்ந்த விஸ்கிக்காரர். அந்தப் பண்ணைக்கு எடுபிடி வேலைக்கு வந்த பையன்தான் ஜாக் டேனியல். பையனுக்குக் காய்ச்சும் தொழிலைக் கற்றுக்கொடுத்தது இவர்தான். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும் ஜாக் சொந்தமாக ஆலை வைத்தார், அதன் முதல் தலைமைக் காய்ச்சுநர் நியரஸ்ட். அவருடைய பிள்ளைகளும் பேரன்களும் அதே ஆலையில் வேலை பார்த்தார்கள். ஆனால் பாட்டில் உலகமெல்லாம் போனபோது கூடப் போனது ஒரே ஒரு பெயர். கம்பெனி நியரஸ்டின் பெயரைத் தன் வரலாற்றில் முறையாகச் சேர்த்தது 2017 வாக்கில்தான், நினைத்தால் மனசு ஆறவில்லை மாப்ள. அவருடைய புகைப்படம் என்று நிச்சயமாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை. ஜாக் பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருக்கும் பழைய படம் இருக்கிறது, அது நியரஸ்டின் மகனாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதில் உனக்கு ஒரு வழி இருக்கிறது. 1967-இல் வந்த ஜாக்கின் வாழ்க்கை வரலாற்றிலேயே நியரஸ்ட் பெயர் பலமுறை வருகிறது, யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்கு மேல், நியரஸ்டின் குடும்பம் அவர் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தது. அதனால் நீ கல்வெட்டையே சுற்றாதே. ஆசாரிமார் தெருவில் வயசானவர்கள் யார் மிச்சம் என்று பார், வேலைக்காக வெளியூர் போய்விட்ட குடும்பங்களின் விலாசத்தை வாங்கு, கோயில் கணக்கு நோட்டில் கூலிப் பக்கம் இருந்தால் அதையும் புரட்டு. தை மாதம் வருகிறேன், அதற்குள் யாரும் அகப்பட்டால் நாமிருவரும் சேர்ந்தே போய்ப் பேசலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ள