தோட்டத்து மண் அணையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வறட்சி வந்துவிட்டால் பினாங்கின் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளின் நீர்மட்டம் எத்தனை விழுக்காடு என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். செபராங் பிறையில் எங்கள் வீடுகளுக்கு மேலே, பழைய தோட்டத்து நிலத்தில் ஒரு சிறிய மண் அணை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

சில மாதங்களாகக் கரையின் அடியில் நீர் கசிகிறது. தெளிந்த நீர் கொஞ்சம் கசிந்தால்கூடச் சரி, மண் அணையில் அது இருக்கக்கூடியதுதான். இங்கே வருவது கலங்கல். அப்படியென்றால் கரைக்குள்ளிருந்து மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது. உபரி நீர் வெளியேறும் கலிங்கிலோ புதர் மண்டிக் கிடக்கிறது. பெருமழையில் அது அடைத்துக்கொண்டால் நீர் கரைமேல் ஏறி வழியும். மண் கரை அதைத் தாங்காது. கரைமேல் வளர்ந்த மரங்களைப் பார்த்து ‘கரைக்குப் பலம்’ என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். வேர் அழுகினால் அந்தப் பொந்தே நீருக்கு வழி!

உரிமையாளர் தரப்பில் பதில் இல்லை. புகார் கொடுத்த அலுவலகத்தில் ‘தனியார் நிலம்’ என்றார்கள். நிலம் தனியாருடையது, சரி. உடைந்தால் வரும் வெள்ளம் வேலிக்குள்ளேயே நிற்குமா? சிலாங்கூரின் கோலகுபுவில் 1883இல் பழைய அணை உடைந்து ஊரே அழிந்தது. பெருவெள்ளம் கொண்டுவந்த 2017 நவம்பர் மழையைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இப்படிப்பட்ட தனியார் அணைகளை மாநில அரசு கணக்கெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் செலவில் ஆண்டுதோறும் பொறியாளர் சோதிக்கட்டும். எங்கள் கரையை மட்டும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
செபராங் பிறை, பினாங்கு