நமது குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழுப் பெரியோர்களே, வேலை நாளின் களைப்போடும் இன்று வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். அக்டோபர் பெருமழையில் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தெருக்களில் தண்ணீர் நின்றபோது நம் இளைஞர்கள் பாலும் ரொட்டியும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கண் பரிசோதனை முகாமும் பொங்கல் கோலப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. சங்க அறையின் ஒழுகும் கூரை செப்பனிடப்பட்டது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் தன் அஞ்சலியைச் செலுத்துகிறது.

அடுத்ததாக, வெளிநாடு போகும் நம் பிள்ளைகளின் படிப்பை அங்கே ஏற்கச் செய்ய வழிகாட்டும் தகுதிச் சான்று வழிகாட்டு மையத்தைப் பற்றியும், அந்தச் செலவுக்குக் கடன் தர அதையொட்டித் தொடங்கிய சுழல்நிதியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இந்தப் பணியைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுகிறது. பேசுகிறவர்களில் பலர் ஞாயிறுதோறும் சங்க அறையில் நாங்கள் உட்காரும் அந்த மேசைப் பக்கம் ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை.

ஒரு தலைமுறைக்கு முன் நம் தெருக்களில் வேலைக்குப் போனவர்கள் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூர் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் என்று நாலு திசையில் சைக்கிளில் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் செவிலியர் பட்டம் பெற்றார்கள், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர் படித்தார்கள், பொறியாளர்கள் ஆனார்கள். இன்று அவர்களில் பலர் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். ஆள் விமானம் ஏறிப் போய்விடலாம். கற்ற தொழில் அவ்வளவு எளிதாகக் கூடவே போவதில்லை. பத்தாண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய நம் தெருப் பெண் டொரன்டோவில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறார். அவர் தாயார் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்துபோனது.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும்போது பட்டத்தை மதிப்பீடு செய்து ஒரு சான்று வாங்குகிறோம். அது ஐந்தாண்டு செல்லும். குடியேற்றப் புள்ளிகளுக்கு உதவும். ஆனால் அதைக் காட்டி அங்கே செவிலியராகவோ பொறியாளராகவோ தொழில் செய்ய முடியாது. தொழில் உரிமத்தை ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள ஒழுங்குமுறை அமைப்பு தனியே தர வேண்டும். அதற்குத் தனித் தேர்வு, தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. ஜெர்மனியில் 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டத்தின்படி எந்த நாட்டவரும் தம் தொழிற்படிப்பை அங்குள்ள படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்கலாம். முழு அங்கீகாரம் கிடைக்காவிட்டால் எந்தப் பாடத்தில் குறை என்று எழுத்தில் தருவார்கள். செவிலியர்கள் அதன்பின் அந்தக் குறையை ஈடுசெய்யும் இணக்கப் பயிற்சி முடிக்க வேண்டும் அல்லது அறிவுத் தேர்வு எழுத வேண்டும். ஜெர்மன் மொழியில் பெரும்பாலும் பி2 எனப்படும் மேல் இடைநிலைத் தேர்ச்சி வேண்டும்.

இந்தச் செலவைத் தனி ஆள் தாங்க முடியாது என்பதை அந்த அரசாங்கங்களே உணர்ந்திருக்கின்றன. கனடாவின் மத்திய அரசு வெளிநாட்டுத் தகுதி அங்கீகாரத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 2022 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு 11 கோடியே 50 லட்சம் கனடிய டாலர் ஒதுக்கினார்கள். 2024 ஜனவரியில் வெளிநாட்டில் பயின்ற சுமார் 6,600 மருத்துவப் பணியாளர்களுக்காக 15 அமைப்புகளுக்கு 8 கோடியே 60 லட்சம் டாலர் அறிவித்தார்கள். அந்தப் பணம் நேராக ஆள் கையில் போகாது. அமைப்புகள் வழியே பயிற்சியாகவும் வழிகாட்டலாகவும் போகிறது. கடன் வழியும் உண்டு. ஆல்பர்ட்டாவில் 2005இல் தொடங்கி இன்று விண்ட்மில் என்ற பெயரில் இயங்கும் அறக்கட்டளை, புதிதாக வந்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கும் படிப்புக்கும் 15,000 டாலர் வரை கடன் தருகிறது. முன்பு அங்கே கடன் வாங்கிக் கட்டிய வரலாறு இல்லாதவர் என்பதற்காகக் கதவைச் சாத்துவதில்லை. ஜெர்மனி 2016 டிசம்பரில் கொண்டுவந்த மானியத்தில் கட்டணத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் 600 யூரோ வரை கிடைத்தது.

இவை எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கு. ஜெர்மனியின் மானியம் அந்த நாட்டில் குடியிருப்பவருக்கு. கனடாவின் கடன் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவருக்கும் அடைக்கலம் பெற்றவருக்கும். செலவு தொடங்குவதோ இங்கே, தண்டையார்பேட்டையில். டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பல்கலைக்கழக மதிப்பெண் விவரச் சான்று, மூடி முத்திரையிட்ட உறை, செவிலியர் குழுமத்தின் சரிபார்ப்பு, மொழித் தேர்வு, மொழிபெயர்ப்பு, கூரியர். கனடா மதிப்பீட்டுக் கட்டணம் மட்டுமே பல ஆயிரம் ரூபாய் ஆகும். விமானம் ஏறுவதற்கு முன் உள்ள இந்தச் செலவுக்கு உதவப் பெரும்பாலோருக்கு யாரும் இல்லை. குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன, இல்லாவிட்டால் ஏஜென்ட் கேட்பதைக் கொடுக்கின்றன. நம் சுழல்நிதி இந்த இடைவெளிக்காகவே உருவானது. வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. வேலை கிடைத்த பின் தவணையாகத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும்.

மையத்தில் சொல்லித் தரும் செய்திகளில் சிலவற்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனிக்குச் செவிலியரை எடுக்கும் நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசின் நியாயமான ஆளெடுப்பு முத்திரை ஒன்று இருக்கிறது. அதைப் பெற்ற நிறுவனம் செலவை வேலை தருபவரிடம்தான் வாங்க வேண்டும், செவிலியரிடம் வாங்கக் கூடாது. நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்கிறது. ஏஜென்ட் வீட்டுப் படி ஏறும் முன் அங்கே போய்க் கேளுங்கள்.

இந்த ஆண்டு ஒரு குடும்பம் ஜெர்மனிக்கு அனுப்பும் சான்றிதழ்களுக்கெல்லாம், ஆவணம் உண்மையானது என்று அரசு உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டிடம் பெரிய தொகையை இழந்தது. ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது உண்மை. கனடாவிலும் 2024 ஜனவரி முதல் அது செல்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஏற்கவில்லை. ஆகவே நம் நாட்டு அப்போஸ்டில் அங்கே செல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தந்தை நம் அறைக்கு வந்து கேட்டிருந்தால் அந்தப் பணம் அவர் பையில் இருந்திருக்கும். இதற்காகத்தான் அந்த மேசையைப் போட்டேன்.

செயற்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார்: “ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு ஊர்ப் பணமா?” கேள்வி நியாயமானது என்பதால் இங்கே பொதுக்குழுவின் முன் பதில் சொல்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் தந்தை ரங்கூனில் மருந்தாளுநர். 1960களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் கையில் இருந்த தகுதிச் சான்று இங்கே செல்லவில்லை. கடைசி வரை துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருக்கு அன்று யாராவது இருநூறு ரூபாயும் ஒரு விண்ணப்பத்தாளும் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பத்தின் ஒரு தலைமுறை மிச்சமாகியிருக்கும். தொழில் தெரிந்தவரைக் கூலி வேலைக்குத் தள்ளுவது அவருக்கு மட்டும் நேரும் நட்டமன்று, அவரைப் படிக்க வைத்த தெருவுக்கும் நட்டம். போனவர்கள் இந்த ஊருக்கு அந்நியர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. அவர்களின் பெற்றோர் இங்கே நம்மோடு தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

என் மனத்தை வருத்துவது வேறு. நிதியில் உதவி பெற்றவர்களில் சிலர் ஒழுங்காகத் தவணை அனுப்புகிறார்கள். ஒரு செவிலியர் முதல் மாதச் சம்பளத்திலேயே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு, மேலும் ஒருவருக்கு ஆகும் தொகையைச் சேர்த்தே அனுப்பினார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார்கள். அவர்களின் வீட்டார் என்னைத் தெருமுனையில் பார்த்ததும் மறுபக்கம் போகிறார்கள். கனடாவில் முகம் தெரியாத நிறுவனத்தில் வாங்கிய கடனைத் தவறாமல் கட்டுகிறவர், பெயர் சொல்லி அழைக்கும் தெருவில் வாங்கியதைக் கட்டாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடன் கொடுக்கும்போது பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று பொருளாளர் சொன்னார். நம் பிள்ளைகளிடம் பத்திரமா என்று மறுத்தேன். இன்றும் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறேன்.

சந்தா நிலவரமும் இதேதான். மாதச் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் பாதிக்கும் குறைவு. மையத்தால் பயன்பெற்ற வீடுகளிலும் ஓராண்டுக்கு மேல் நிலுவை இருக்கிறது. செயற்குழுக் கூட்டங்கள் சில போதிய வருகை இல்லாமல் தள்ளிப்போயின. திட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களும் அந்தக் கூட்டங்களுக்கு வரவில்லை.

கணக்குகளைப் பொறுத்தவரை வரவு சந்தா, நன்கொடை, அரங்க வாடகை ஆகியவற்றால் அமைந்தது. செலவில் பெரும்பகுதி கூரைப் பணிக்கும் மழை நிவாரணத்துக்கும் போனது. சுழல்நிதிக்குச் சேமிப்பிலிருந்து செயற்குழு அனுமதித்த தொகை மட்டுமே எடுக்கப்பட்டது. திரும்பி வர வேண்டியது தனிப் பேரேட்டில் இருக்கிறது. இருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. தணிக்கை செய்யப்பட்ட விவரத்தைப் பொருளாளர் படிப்பார்.

தலைவர், துணைத் தலைவர், தணிக்கையாளர், கூரைப் பணியை மேற்பார்த்த உறுப்பினர், மழையில் நின்ற இளைஞர்கள், முகாமுக்கு வந்த மருத்துவர்கள், மகளிர் குழு அனைவருக்கும் நன்றி. ஞாயிறுதோறும் என்னோடு அமர்ந்து படிவங்களை நிரப்பித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்களுக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டில் மையம் நடக்குமா என்பது எனக்குத் தெரியாது. இப்போதுள்ள இருப்பில் புதிதாக யாருக்கும் கடன் தர இயலாது. நர்சிங் முடித்த பெண்கள் சிலரும் ஒரு வெல்டர் தம்பியும் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நிலுவையில் பாதி வந்தாலே அவர்கள் அனைவருக்கும் கொடுத்துவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் பேசும்போது இதை ஒரு வார்த்தை சொல்லும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு வந்து உட்கார, உரிமம் வாங்கிய அனுபவம் உள்ள ஒருவர் கிடைத்தாலும் பெரிய உதவி. விடுமுறையில் ஊருக்கு வந்தவராக இருந்தாலும் சரி. இந்தப் பொறுப்பை என்னைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடியவர் முன்வந்தால் இன்றே பேரேட்டை அவர் கையில் ஒப்படைக்கிறேன்.

சந்தாப் புத்தகமும் கடன் பேரேடும் பொருளாளரின் மேசையில் உள்ளன. தேநீர் இடைவேளையிலும் கூட்டம் முடிந்த பின்னும் அவர் அங்கே இருப்பார். ரசீது உடனே தரப்படும். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்