நண்பன் கல்யாணத்துக்கு என் காரை ஓட்டலாமா, கூடாதா? மோட்டார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் காப்பீட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என்னிடம் இருப்பது ஆடம்பரக் கார் ஒன்றும் இல்லை. வெள்ளை நிறம், நான்கு கதவு, பின்சீட்டில் தாராளமாக இடம். கீறல் விழாமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நண்பர்கள் வட்டத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மணமக்களை ஏற்றிப் போக என் காரைத்தான் கேட்கிறார்கள். நானும் சந்தோஷமாகவே ஓட்டிப் போகிறேன். கூலி வாங்குவதில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அன்றைக்கு ஏதாவது நடந்தால் என் பாலிசி செல்லுமா?

உங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். சொந்தப் பயன்பாடுதானே, தாராளமாகப் போங்கள் என்றார் ஒருவர். மறுபடி அழைத்தபோது எடுத்த வேறொருவர், கல்யாணம் என்றாலே வர்த்தகப் பயன்பாடு என்றார். சரி, இரண்டில் எது என்று எழுத்தில் கொடுங்கள் என்றால், பாலிசியைப் படித்துப் பாருங்கள் சார் என்று முடித்துவிட்டார்கள்.

படித்தேன். இந்தியாவின் வழக்கமான தனியார் கார் பாலிசியில் எதற்கெல்லாம் காரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். வாடகைக்கோ பிரதிபலனுக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், வேகச் சோதனை, மோட்டார் வியாபாரம் என்று போகும். பந்தயத்தில் மற்ற வண்டிகளுக்கு வேகம் காட்ட முன்னால் ஓடுவதுகூடத் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதைச் செய்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நண்பனின் கல்யாணத்துக்குக் கார் ஓட்டியவர்களையோ ஊருக்கு ஊர் பார்க்கலாம். அவர்களுக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

பணமே வாங்காவிட்டால் சிக்கல் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நிஜத்தில் எந்த நண்பனும் அப்படி விடுவதில்லை. டேங்கை நிரப்பிக் கொடுக்கிறான். வாட்டர் வாஷ் செலவைத் தானே கட்டிவிடுகிறான். எல்லாம் முடிந்த பிறகு அவனுடைய அப்பா ஒரு கவரைச் சட்டைப் பையில் திணிக்கிறார். இதில் எதுவரைக்கும் நட்பு, எங்கிருந்து வாடகை? அப்புறம், நண்பனின் நண்பன் என்று எனக்கு முகமே தெரியாத ஒருவர் கேட்கிறார், ஒரு தொகையும் சொல்கிறார். அது வாடகைதான் என்று எனக்கே தெரியும். அவரை டாக்சிக்காரரிடம் அனுப்பிவிடுகிறேன். எனக்குக் குழப்பம் அந்தப் பெட்ரோலிலும் கவரிலும்தான்.

இதைத் தெளிவாக எழுதவே முடியாது என்றால் நம்ப மாட்டேன். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 150ஆவது பிரிவு இருக்கிறது. எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாத வண்டியாக இருக்க வேண்டும். பயணிகள் தரும் மொத்தப் பணம் தேய்மானம் உட்பட அந்தப் பயணத்தின் செலவைத் தாண்டக் கூடாது. பணம் பற்றிய ஏற்பாடு வண்டி கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் காப்பீட்டுக் கணக்கில் அது வாடகை ஓட்டம் ஆகாது. சேர்ந்து பயணம் செய்து செலவைப் பகிர்ந்துகொள்பவர்களை மனதில் வைத்து எழுதியது, கல்யாணத்துக்காக அல்ல. கடைசியில் வரும் கவர் இதில் அடங்குமா என்பதும் சந்தேகமே. இருந்தாலும் எல்லை எங்கே என்று சாதாரண மனிதனுக்குப் புரிகிறது.

எல்லை தெரியாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும். காரில் அடிபட்டது என் கதவு என்றால் செலவை நானே பார்த்துக்கொள்வேன். தெருவில் போன ஒருவருக்கு அடிபட்டால்? பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில் இந்திய நீதிமன்றங்கள், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கின்றன. அடிபட்டவருக்கு நியாயம் கிடைக்கிறது, நல்லது. ஆனால் கல்யாணத்துக்கு உதவப் போனவன் தலையில் அந்தத் தொகை வந்து விழும். ஆதாரத்துக்கும் நீங்கள் அலைய வேண்டாம். பானெட்டில் ரிப்பன் கட்டிய கார், ஸ்டியரிங்கில் நான், எல்லாமே அன்று மாலைக்குள் நூறு ஃபோன்களுக்குப் போய்விடும்.

அலங்காரம் இன்னொரு தலைவலி. இப்போதைய பல கார்களில் முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார், கிரில்லுக்குள்ளோ நிறுவனச் சின்னத்தின் பின்னாலோ இருக்கிறது. கேமரா உள்கண்ணாடிக்குப் பக்கத்தில், பார்க்கிங் சென்சார்கள் பம்பரில். பூ அலங்காரம் செய்பவருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. அவர் கண்ணுக்கு எடுப்பான இடம் எதுவோ அங்கேதான் மாலையைத் தொங்கவிடுவார். கிரில்லை முழுக்க மூடினால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். ஊர்வலத்தில் ஆமை வேகத்தில் உருளும்போது ஏற்கெனவே ஃபேனை நம்பித்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் பூவும் அடைத்தால் சூடு ஏறும். டேப்பை நேராக பெயின்ட் மேல் ஒட்டி வெயிலில் விட்டால் உரிக்கும்போது பசை நிற்கும், ஏற்கெனவே ஒருமுறை பெயின்ட் அடித்த இடமென்றால் பெயின்டும் கூட வரலாம். அதனால் டேப் வேண்டாம், கதவு இடுக்கிலும் பானெட் ஓரத்திலும் ரிப்பனை இழுத்துக் கட்டுங்கள், நம்பர் பிளேட், விளக்கு, வைப்பர், கிரில் பக்கம் போகாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சன்ரூஃபில் எழுந்து நின்று கையசைக்க வேண்டுமென்றால் வேறு கார் பாருங்கள் என்பேன். உடை கசங்கும் என்று சீட்பெல்ட்டை மறுப்பவர்களிடமும் அப்படித்தான், மணப்பெண்ணாகவே இருந்தாலும்.

இவ்வளவு செய்தும் ஒரு கேள்வி பாக்கி. சென்சாரை ஒரு பூ மறைத்ததால் தானியங்கி பிரேக் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை விபத்து என்பீர்களா, என் கவனக்குறைவு என்பீர்களா? சில மணி நேரத்துக்குக் கட்டிய ரிப்பனும் பூவும் உங்கள் கணக்கில் வண்டியில் செய்த மாற்றமா? நான் மணமேடைப் பக்கம் நிற்க வேண்டி வந்து, மணமகனின் தம்பி ஓட்டினால்? அவனிடம் உரிமம் இருக்கிறது, ஆனால் என் பாலிசியில் அவன் பெயர் இல்லை.

இவற்றுக்கு ஒரே ஒரு பக்கத்தில், வக்கீல் துணை இல்லாமல் படிக்கக்கூடிய மொழியில் பதில் எழுதுங்கள். முடியும், முடியாது, இந்த நிபந்தனையோடு முடியும் என்று இருந்தால் போதும். பாலிசி கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு நாளுக்கான பாதுகாப்பை ஃபோனிலேயே வாங்கும்படி வைத்தால் நான் கட்டத் தயார், மணமக்களும் தயங்க மாட்டார்கள். தொலைபேசியில் யாராவது பதில் சொன்னால் அதே பதில் மின்னஞ்சலிலும் வரட்டும்.

அதுவரை கார் கேட்பவர்களிடம், வருகிறேன், ஆனால் பெட்ரோல்கூடப் போட வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பே பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்களில் ஒருவன்